விளக்கெண்ணெய் குடித்த சிவப்புக் கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐம்பத்தாறு வயதில், நான் ஒரு ரேஸ் காருக்குள் மாட்டிக்கொண்டேன். ஓட்டும்போது அல்ல. அப்படியிருந்தால் சொல்லிக்கொள்ளப் பெருமையாவது மிஞ்சியிருக்கும். கார் சும்மா நின்றுகொண்டிருந்தது. பெங்களூர் அல்சூரில் ஒரு பள்ளி மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. யாரும் கூப்பிடாமல், கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய், "இதுல நான் உக்காந்திருக்கேன், தெரியுமா?" என்று அறிவித்துவிட்டு, முதலில் காலை விட்டு, அப்புறம் இடுப்பை விட்டு, உட்கார்ந்தும்விட்டேன். அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

என் மனைவி சர்க்கரைக்காக என்னைத் தினமும் ஏரிக்கரையில் நடக்க அனுப்புகிறாள். நானும் தினமும் ஏரிக்கரை வரைக்கும் போய், தோசைக்கடை வாசலில் நின்று யோசித்துவிட்டு வருகிறேன். அந்த யோசனைகளின் மொத்த எடையும் அன்றைக்கு அந்தச் சீட்டில் இறங்கியது. வயிறு ஸ்டியரிங்குக்குக் கீழே போய் அடைத்துக்கொண்டது. குழந்தைகள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு அம்மாள், "பாவம், பெரியவர விடுங்கப்பா" என்றார். அந்தப் 'பெரியவர்' யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்கு இடமில்லை.

ஆனால் நான் அந்தக் காரிடம் போனதற்குக் காரணம் கார் அல்ல. வாசனை.

நான் கேட்டுக்குள் நுழையும்போது யாரோ ஒரு எஞ்சினைக் கிளப்பி அணைத்தார்கள். காற்றில் கருகிய விளக்கெண்ணெய் வாசனை வந்தது. எங்கள் வயசுக்காரர்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் உடனே வயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். பேதிக்குக் கொடுக்கிற நாளில் அம்மா மூக்கைப் பிடிப்பாள், அப்பா காலைப் பிடிப்பார், அக்கா ஓரமாக நின்று சிரிப்பாள். அந்த வாசனைக்கு நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் என் வாழ்க்கையில் விளக்கெண்ணெய்க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. அது கருகினால் பீட்டர் அண்ணன் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார் என்று அர்த்தம்.

வாசனை பிடித்துக்கொண்டே போனால், மைதானத்தின் மூலையில் சின்னதாக, சிவப்பாக, கதவில்லாமல், ஒரு சுருட்டு மாதிரி நீளமாக அந்தக் கார். முன்னால் ஒரு அட்டையில் 'உள்ளூரில் செய்யப்பட்டது, விவரம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. குனிந்து உள்பக்கத் தகரத்தைப் பார்த்தேன். கன்னட எழுத்தில் ஒரு பல்பொடி விளம்பரத்தின் பாதி. மீதிப் பாதி அந்தப் பக்கத் தகரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விளம்பரப் பலகையைச் சுமந்துகொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நின்றேன். பிஸ்டன் ரிங்குக்கும் வளையலுக்கும் வித்தியாசம் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்தவன். வருகிறவர்களைச் சிரிக்க வைப்பேன் என்பதற்காகத்தான் முதலாளி என்னை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். சாயங்கால ஷிப்ட் முடிந்து ஒரு பெரிய தொழிற்சாலையின் யூனிபாரத்தோடு ஒருத்தர் வருவார். செய்தித்தாளில் மீன் மாதிரி சுற்றி, உடைந்த சாமான் ஏதாவது கொண்டுவருவார்.

"தம்பி, இதுக்கு ஜோடி இருக்கா?"

"இது என்னண்ணே?"

"நேத்து வரைக்கும் கனெக்டிங் ராடு."

பீட்டர் அண்ணன் விவேக் நகர்க்காரர். குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ரெண்டு சந்து தள்ளி வீடு. பூர்வீகம் வடாற்காடு, பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயல். அப்பா தாஸ் பெரியவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து இருந்தார். ஓசூர் ரோட்டில் லாரி மோதி நசுங்கிய ஒரு டாக்ஸியின் எஞ்சினை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வைத்து, பீட்டர் அண்ணன் ஒரு ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக. பந்தயத்துக்கென்று விற்கிற எண்ணெய் கிடைக்காது, கிடைத்தாலும் நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் விளக்கெண்ணெயைத் தன் கணக்கில் ஏதோ கலந்து ஊற்றுவார். எஞ்சினைக் கிளப்பினால் சந்தே மூக்கைப் பொத்தும். அவர் மனைவி பிலோமினா அண்ணி கொடியில் காயும் துணியை எல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார். "ஊர்ல எல்லாரும் பிள்ளைக்கு விளக்கெண்ண ஊத்துவாங்க. இந்த ஆளு இரும்புக்கு ஊத்துறாரு" என்பார்.

சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேஸ் காரில் சீட் ஓட்டுகிறவர் முதுகுக்குச் சரியாகப் பொருந்த வேண்டுமாம். வெளிநாட்டில் அதற்கு என்னென்னவோ செய்கிறார்களாம். பீட்டர் அண்ணன் குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனுக்குப் போய், பிள்ளையார் சதுர்த்திக்குக் குழைத்து வைத்திருந்த களிமண்ணில் ஒரு மூட்டை கேட்டார். கழுத்தில் சிலுவையோடு போய்ப் பிள்ளையார் மண் கேட்கிற ஆளை அவர்கள் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். நான் பின்னால் நின்றுகொண்டு, "வேண்டுதல்" என்று சொல்லிவைத்தேன்.

மண்ணைக் காருக்குள் கொட்டி, மேலே பாலிதீன் விரித்து, அண்ணன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அச்சு நன்றாகப் பதிகிற வரை அசையக்கூடாது. நான் பேசிக் காட்டினேன், பாடிக் காட்டினேன், அண்ணி காபியை வாயில் ஊற்றினார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் நான்தான் விரட்ட வேண்டும். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், பிறவியிலேயே. எழுந்தபோது மண்ணில் அவர் முதுகு அப்படியே இருந்தது, அந்த இறக்கத்தோடு. அதை உலர்த்தி, அதன்மேல் ஃபைபர் துணியும் ரெசின் பசையும் பூசி, சீட்டாக எடுத்தோம். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுதான் வீட்ல பேசாம இருக்கிற பீட்டரு" என்றார்.

அந்தச் சீட்டில்தான் போன மாதம் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். என் இடது விலாவில் ஒரு மேடு குத்தியது. அது எதற்காக என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காரின் இப்போதைய சொந்தக்காரர் கிரண் என்கிற இளைஞர். சாஃப்ட்வேர் வேலை. வீட்டில் கன்னடம், வளர்ந்தது பொம்மனஹள்ளி, அதனால் தமிழும் சரளம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஸார், இந்த காடிய, இந்த வண்டிய, உங்களுக்கு நிஜமா தெரியுமா? நாலஞ்சு வருஷமா தேடறேன் ஸார். ஓசூர்ல ஒரு பழைய இரும்புக் கடையில எடுத்தேன். எஞ்சின்ல விளக்கெண்ண பிசுக்கு இருந்திச்சு, நானும் அதையே ஊத்தறேன். யார் செஞ்சாங்க, எங்க ஓடிச்சு, ஒண்ணும் சிக்கல. வெளியூர்ல ஒரு பெரிய ஷோ இருக்கு. ஹிஸ்டரி இல்லாம எடுக்க மாட்டேன்றாங்க."

"எடுக்கலேன்னா?"

"எடுக்கலேன்னா இது வெறும் தகரம்தான், ஸார்."

இங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். மாட்டிக்கொண்டது ஒன்றும் பெரிய முட்டாள்தனம் இல்லை, அது வயிற்றின் குற்றம். இது நாக்கின் குற்றம். சுற்றிக் கூட்டம். எல்லோரும் என் தொப்பையைப் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணை வேறு எங்கேயாவது திருப்ப வேண்டும். கிரண் போனை நீட்டிப் பதிவுசெய்ய ஆரம்பித்தார். நான் சொன்னேன், பீட்டர் அண்ணன் கட்டினார் என்று. சோழவரம் ஓடுதளத்தில் ஓடியது என்று. அதுவரை உண்மை. கூட்டத்தில் ஒரு பையன், "வின் பண்ணுச்சா அங்கிள்?" என்றான்.

"வின்னாவா?" என்றேன் நான், தொப்பை ஸ்டியரிங்கில் நெரிய. "கம்பெனி காருங்கெல்லாம் பின்னால வர, இதுதான் ஃபர்ஸ்ட்!"

கூட்டம் கை தட்டியது. பிறகு கிரண் ஒரு ஸ்பேனர் போட்டு ஸ்டியரிங்கைக் கழற்றினார். ரெண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி என்னைப் பிடுங்கி வெளியே வைத்தார்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

உண்மையில் நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

டெம்போவில் காரை ஏற்றிக் கயிறு கட்டி, மெட்ராஸ் பக்கம் சோழவரத்துக்குப் போனோம். பீட்டர் அண்ணன், தாஸ் பெரியவர், நான். அண்ணி வரவில்லை. சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்தது. சோழவரம் என்பது யுத்த காலத்து விமான ஓடுதளம். அங்கேதான் அப்போது பந்தயம் நடக்கும். மொட்டை வெயில், தார், சுற்றி வைக்கோல் கட்டுகள். மற்றவர்களுக்குக் கூடாரம், குடை, ஐஸ் பெட்டி, ஒரே நிறத்தில் சட்டை போட்ட ஆட்கள். எங்களுக்குப் பெட்ரோலுக்கு ஒரு ஜெர்ரி கேன், ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறு. எங்கள் காரை ஒருத்தர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்பக்கம் குனிந்து, "இது என்ன, பல்பொடியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பீட்டர் அண்ணனுக்கு ஜெயிக்கிற ஆசை கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் கார் அதுவரைக்கும் எங்கேயும் தொடர்ந்து பத்து நிமிஷம் ஓடியதில்லை. "கட்டம் போட்ட கொடிய ஒரு தடவ எனக்காக ஆட்டணும், தம்பி. அத மட்டும் பாத்துட்டா போதும்" என்பார். ஆரம்பித்ததை முடித்தோம் என்பதற்கு அந்தக் கொடிதான் சாட்சி.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கியர் கம்பி உடைந்துவிட்டது. பிற்பாடு சொன்னார், கையோடு வந்துவிட்டதாம். மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டது. திருப்பத்தில் எஞ்சின் செத்துச் செத்துப் பிழைக்கும், நேர்ச்சாலையில் அலறும். எல்லாக் கார்களும் அவரைத் தாண்டிப் போயின. சில கார்கள் ரெண்டு தடவை தாண்டின. முதல் கார் வந்தது, கொடி ஆடியது. அடுத்தடுத்து வந்தன, ஆடியது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஓடுதளத்தின் அந்தக் கோடியில் புகை மட்டும் தெரிந்தது. கொடிக்காரர் கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

தாஸ் பெரியவர் எப்போது அங்கே போய் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது கொடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெருசு? ரேஸு முடிஞ்சிபோச்சு. நகரு."

"எங்க முடிஞ்சிது? ஒரு ஆளு இன்னும் உள்ள இருக்கான்ல?"

"அது எங்கனா படுத்துருக்கும். டிராக்டரு போய் இஸ்துகினு வரும்."

"இஸ்துகினு வர்றது வேற, வர்றது வேற. கீழ எறங்குனவன்ல கடேசி ஆளு மேல வந்து டோக்கன மாட்டுனாத்தான்யா ஷிப்டு முடிஞ்சிது. அதுக்கு முன்னால எவனும் வூட்டுக்குப் போவ மாட்டான்."

"இன்னா ஷிப்டு? எந்த டோக்கனு?"

கொடிக்காரருக்கு எதுவும் புரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் புரிந்தது. தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் நம்பர் போட்ட டோக்கன் ஒன்றை எடுத்துக்கொண்டு போவானாம். மேலே வந்ததும் திருப்பி மாட்ட வேண்டும். பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தால், மேலே நிற்கிறவன் எவனும் நகர மாட்டான். பெரியவர் அந்த மாதிரி எத்தனை சாயங்காலம் நின்றிருக்கிறாரோ. சில நாட்களில் அந்த ஆணி காலியாகவே இருந்துவிட்டதாம்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். மைக்கில் யாரோ அடுத்த பந்தயத்தைக் கூப்பிட்டார்கள். பெரியவர் கையை விடவில்லை. அப்போது காற்று திரும்பியது. காருக்கு முன்னால் அதன் வாசனை வந்தது. கருகிய விளக்கெண்ணெய். "அண்ணன் வராரு!" என்று நான் கத்தினேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், ஏனென்றால் ஓடுதளத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. தும்மிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒரு சைக்கிள்காரன் தாண்டிவிடுகிற வேகத்தில். கொடிக்காரர் என்ன நினைத்தாரோ, சுருட்டிய கொடியைப் பிரித்து, முதல் காருக்கு ஆட்டியதைவிடப் பெரிதாக ஆட்டினார். அண்ணன் ரெண்டு கையையும் தூக்கிவிட்டார். கார் அங்கேயே நின்றுபோனது.

பெரியவர் கை தட்டவில்லை. கொடிக்காரரைப் பார்த்து, "சரி. இப்போ சுருட்டு" என்றார்.

மறுநாள் காலை விவேக் நகர் சந்துக்குள் டெம்போ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நுழைந்தோம். வழியில் வாங்கிய மைசூர் பாக்கு டப்பாக்கள் மடியில். முகம் முழுக்கக் கரி, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை. பார்க்க அண்ணன் ஒரு ஆந்தை மாதிரி இருந்தார். வாசல் வாசலாக இறங்கிக் கொடுத்தார். "ஃபர்ஸ்ட்டா பீட்டரு?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், "கடேசி!" என்றார். கேட்டவர்கள் குழம்பிப்போய் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் பந்தயத்துக்குப் போகவே இல்லை. "கொடியப் பாத்தாச்சுல்ல" என்பார். பெரியவர் போய்ச் சேர்ந்தார். ஷெட் இருந்த இடத்தை அதன் சொந்தக்காரர் அடுக்குமாடிக்குக் கொடுத்தார், கார் பழைய இரும்புக்குப் போனது. நான் கடை மாறி, தொழில் மாறி, இப்போது இன்சூரன்ஸ். ஜே.சி. ரோட்டில் எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். வயலில் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிறது. அங்கிருந்து பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். சோழவரத்தில் பந்தயம் கிடையாது.

பீட்டர் அண்ணன் கொரோனா வருஷத்தில் போனார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் அவரே நடந்து போனாராம், கையில் துணிப்பையோடு. வெளியே அனுப்பவில்லை. உடலை நேராக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரையும் பக்கத்தில் விடவில்லை. அப்போது போனில் அண்ணி ஒன்று சொன்னார். "உள்ள போனத பாத்தேன், தம்பி. வெளிய வந்தத நான் பாக்கவே இல்ல. மூணு நாளு அந்த கேட்டுலயே நின்னேன்."

அதனால்தான் கார் கிடைத்ததும் முதலில் அண்ணி ஞாபகம் வந்தது. கிரணிடம் நாள் கேட்டுவைத்து, அண்ணியை ஆட்டோவில் பொம்மனஹள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே பெருமை எனக்கு, ஏதோ அண்ணனையே கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

கிரண் வீட்டு ஷெட்டில் கார் பளபளவென்று நின்றது. பக்கத்தில் புதிதாக அடித்த பெரிய பலகை. பீட்டர் அண்ணன் பெயர் கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே, சோழவரத்தில் முதலிடம் என்று இங்கிலீஷில். அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்தார். ரெண்டு தடவை படித்தார். என்னைப் பார்க்கவில்லை. காரிடம் போய், குனிந்து, சீட்டுக்குள் கையை விட்டு, முதுகு படிகிற இடத்தில் தடவினார். கை மெதுவாக இடது பக்கத்துக்குப் போய், தோள் இறங்குகிற இடத்தில் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. கிரண் தன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"சீட்ட மாத்திடலாம்னு இருந்தேன், ஸார்" என்று என் காதில் சொன்னார். "கோணலா இருக்கு, வெயில்ல உருகியிருக்கும்னு நெனச்சேன்."

"மாத்தாதீங்க" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அண்ணி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றோம். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் வீட்டு வாசலில் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன், அதைச் சொல்லிவிட்டால் எனக்கு வேறு எதுவும் பேச வராது.

மறுநாள் கிரணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கியர் கம்பி, கொடி, பெரியவர், மைசூர் பாக்கு.

"லாஸ்ட்டா, ஸார்?"

"லாஸ்ட்."

"அந்த ஷோக்காரங்களுக்கு ஃபர்ஸ்ட்னு மெயில் போட்டுட்டேனே, ஸார்."

"நான் சொன்ன பொய்தான், கிரண். என் பேரப் போட்டே எழுதுங்க."

பலகையை அவர் மாற்றிவிட்டார். படம் அனுப்பினார். 'கடைசியாக வந்தது. முடித்தது.' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறார். வெளியூர்க்காரர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வராமலும் போகலாம். கிரண் என்னிடம் பழைய மாதிரி பேசுவதில்லை. அதில் தப்பும் இல்லை.

இப்போது அந்த வாசல். ஷெட் இருந்த பக்கம் அடுக்குமாடி நின்று வெளிச்சத்தை மறைக்கிறது. அண்ணி கேட்டைத் திறந்து உள்ளே போய், கொண்டியைப் போட்டுவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்துக்கு மேலாக என்னைத் தம்பி என்று கூப்பிடுகிறவர். அன்றைக்குத் தம்பி இல்லை.

"கடேசியா வந்தேன்னு அவரே தெருவெல்லாம் மைசூர் பாக்கு குடுத்தாரு. நீ யாரு, அவர ஜெயிக்க வெக்க?"